அறிக்கையில் சேராத மாவு

பல்கலைக்கழக நூலகத்துக் கணினியில் நான் முதலில் தட்டிய சொல் 'பேட்டர்'. இட்லி மாவுக்கு ஆங்கிலத்தில் அதுதான் பெயர் என்று பாக்கெட்டுகளின் மேல் பார்த்திருக்கிறேன். திரையில் புத்தகங்கள் வரிசையாக வந்தன. கிரிக்கெட்டில் மட்டை பிடிப்பது எப்படி என்று ஒன்று. வேகப்பந்தைச் சந்திப்பது எப்படி என்று இன்னொன்று. அவற்றுக்குக் கீழே, அடிப்பதற்கும் ஆங்கிலத்தில் அதே சொல் என்பதால், கணவனிடம் அடிபடும் பெண்களைப் பற்றிச் சில புத்தகங்கள். இட்லி மாவைப் பற்றி ஒன்றும் இல்லை.

சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த வருடம் சிரிப்பும் சரி, கோபமும் சரி, பக்கத்து அறையில் யாருக்கோ வந்துவிட்டுப் போவதுபோல் இருந்தது.

அதற்கு முன், டிகிரி முடித்த கையோடு, ஒரகடத்தில் ஒரு கார் தொழிற்சாலையில் இரண்டு வருடம் ட்ரெய்னியாக லைனில் நின்றிருந்தேன். கதவு ஓரத்தில் கறுப்பு ரப்பர் பீடிங் ஒட்டுவது என் வேலை. கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போக வேண்டும். ஒரு கதவு முடிந்தால் அடுத்த கதவு வந்து நிற்கும். ஒப்பந்தம் முடிந்த அன்று எங்கள் பேட்ச் மொத்தத்தையும் கேண்டீனில் உட்காரவைத்து, ஆளுக்கு ஒரு லட்டும் ஒரு சான்றிதழும் கொடுத்து அனுப்பினார்கள். என் பக்கத்தில் நின்று வேலை செய்தவன் கேட்டைத் தாண்டியதும் அழுதான். அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு, எனக்கு ஏன் அழுகை வரவில்லை என்று யோசித்தேன். யோசித்ததோடு சரி.

அதன்பிறகு எம்.பி.ஏ. சேர்ந்தேன். சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்துப் பல்கலைக்கழகம். பிரிவு மார்க்கெட்டிங். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்கு உள்ளே போய் உட்கார்ந்த முதல் ஆள் நான்தான். அப்பா நெல் போட்டுக்கொண்டிருந்தார். நிலம் கம்பெனிக்குப் போன பிறகு ஒரு கிடங்கில் செக்யூரிட்டி. "பையன் மார்க்கெட்டுக்குப் படிக்கிறான்" என்று கூட வேலை பார்ப்பவர்களிடம் சொல்லியிருக்கிறார். "கோயம்பேடா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். "அது இன்னாவோ, ஏசி ரூம்ல ஒக்காந்து படிக்கிற மார்க்கெட்டு" என்று இவர் பதில் சொன்னாராம்.

அம்மா மாவு அரைத்து விற்றுவந்தாள். சேரப்பணஞ்சேரியில் எங்கள் தெருவுக்குப் பின்னால் வரிசையாக ரூம்கள் கட்டி வாடகைக்கு விட ஆரம்பித்தபோது, வேலைக்குப் போகிற பெண்கள் வந்து தங்கினார்கள். அவர்களிடம் அடுப்பு உண்டு, கிரைண்டர் கிடையாது. அம்மா முன் அறை ஜன்னலைத் திறந்து வைத்து விற்கத் தொடங்கினாள். விடியும்போதே கிரைண்டர் ஓடும். நான் கல்லூரிக்குப் போகிற வழியில் டீக்கடைகளுக்கும் சில ரூம்களுக்கும் கொடுத்துவிட்டுப் போவேன். நோட்டுப் புத்தகத்தோடு மாவுப் பாக்கெட்டும் இருப்பதால் என் பையில் எப்போதும் ஒரு புளித்த வாசனை இருக்கும்.

ஒருநாள் மாலை, கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு பையன் பைக்கில் வந்து இறங்கினான். பெரிய மாவுக் கம்பெனி ஒன்றின் விற்பனைப் பிரதிநிதி. என் வயதுதான் இருக்கும். அம்மாவை ஆன்ட்டி என்று கூப்பிட்டான்.

"ஆன்ட்டி, ஃப்ரிட்ஜு நாங்க தர்றோம். கண்ணாடிக் கதவு வெச்சது. பாக்கெட்டு நாங்களே கொண்டாந்து அடுக்கிடுவோம். நீங்க எடுத்துக் குடுத்தா போதும். அரைக்கிற வேலையே கெடையாது."

"அரைச்சிகினே கூட விக்கலாமில்ல?" என்றாள் அம்மா.

"அது முடியாது ஆன்ட்டி. எங்க ஃப்ரிட்ஜு கீற எடத்துல வேற மாவு கூடாது. மாசக் கடைசில வர்றேன், யோசிச்சு சொல்லுங்க. நீங்க வேணாம்னா மேட்டுத்தெரு மளிகைக் கடையில கேக்கறாங்க."

அம்மா என்னைக் கையால் காட்டினாள். "எம்பையன் மார்க்கெட்டிங் படிக்கிறான். பாத்து சொல்லுவான்."

"அப்டியா ப்ரோ! சூப்பர் ப்ரோ" என்றான் அவன். கை கொடுத்தான். அவன் கட்டைவிரலில் பழைய காய்ப்பு இருந்தது. ஏதோ ஒரு லைனில் அவனும் நின்றிருப்பான் என்று தோன்றியது. கேட்கவில்லை.

அவன் போனதும் அப்பா சொன்னார்: "கைல கீற தொழில வுட்டுட்டு எவனோ பேரு போட்ட மாவ விக்கறதா? நெலத்ததான் குடுத்தோம். இதயுமா?"

அம்மா என்னிடம் திரும்பினாள். "நீ உன் லைப்ரரில பாருடா. அதுல இன்னா போட்டுக்குதோ அதுபடி செய்யலாம்."

ஆக, மாதக் கடைசிக்குள் கிரைண்டர் ஓடுமா நிற்குமா என்பதை நான் நூலகத்தில் பார்த்துச் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டக்கூடத் தெரியாது. பஸ் எண்ணை வடிவமாகப் பார்த்து அடையாளம் வைத்திருக்கிறாள். ஆனால் புத்தகம் என்று ஒன்று இருந்தால் அதில் எல்லாவற்றுக்கும் பதில் இருக்கும் என்று உறுதியாக நம்பினாள். அதில் பாதியை நானும் நம்பினேன்.

வகுப்பிலும் அப்போது ப்ராஜெக்ட் தலைப்பு கொடுக்க வேண்டியிருந்தது. 'தொழிற்பேட்டைப் பகுதியில் தயார்நிலை மாவின் சந்தை' என்று எழுதிக் கொடுத்தேன். எனக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியர் தலைப்பைப் படித்துவிட்டு, "நல்லா இருக்கு. முதல்ல செகண்டரி டேட்டாவ முடிங்க. அப்புறம் பிரைமரிக்குப் போகலாம்" என்றார்.

எங்கள் பக்கம் செகண்ட்ஸ் என்றால் ஒரே அர்த்தம்தான். பிஸ்கட் கம்பெனியில் உடைந்ததையும் கருகியதையும் மூட்டையாகக் கட்டி வெளியே விற்பார்களே, அது. சிறுவயதில் நாங்கள் முழு பிஸ்கட்டைப் பார்த்ததைவிட உடைந்ததைச் சாப்பிட்டதுதான் அதிகம்.

"சார், செகண்ட்ஸ் வேணாம் சார். நான் ஃபர்ஸ்ட் குவாலிட்டியே எடுத்துடறேன்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். கேலியா என்று சோதிக்கிற பார்வை. கேலியில்லை என்று புரிந்ததும் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "மத்தவங்க ஏற்கெனவே சேத்து வெச்சது செகண்டரி. நீங்களே நேர்ல போய்க் கேக்கறது பிரைமரி. தரத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லப்பா. லைப்ரரியில போய்ப் பாருங்க. இன்டர்நெட்ல தேடினா முதல்ல வர்றத மட்டும் எடுத்துட்டு வராதீங்க. கையெழுத்து போட மாட்டேன்."

அப்படித்தான் நூலகக் கணினி முன்னால் உட்கார்ந்து கிரிக்கெட் புத்தகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

'ஃப்ளோர்' என்று மாற்றிப் போட்டேன். கோதுமை வந்தது. மைதா ஆலைகளின் இயந்திரங்கள் வந்தன. தமிழிலேயே 'மாவு' என்று போட்டுப் பார்த்தேன். நாட்டுப்புற மருத்துவம் என்று ஒன்று வந்தது. பழைய மாணவர்களின் ப்ராஜெக்ட் அறிக்கைகள் ஒரு அலமாரி நிறைய இருந்தன. எடுத்துப் புரட்டினேன். இருசக்கர வாகன வாடிக்கையாளரின் திருப்தி என்று ஒன்று, அலைபேசி வாடிக்கையாளரின் திருப்தி என்று அடுத்தது. இரண்டிலும் முன்னுரை ஒன்றேதான். ஒருவர் வாகனத்தை எடுத்துவிட்டு அலைபேசியைப் போட்டிருந்தார். ஓரிடத்தில் எடுக்க மறந்துபோய், அலைபேசி லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கிறது என்று இருந்தது.

அரசு வெளியிட்ட குடும்பச் செலவுக் கணக்குத் தொகுதிகள் கீழ்த்தட்டில் இருந்தன. தரையில் உட்கார்ந்து பார்த்தேன். அரிசி இருந்தது. உளுந்து இருந்தது. இரண்டும் ஊறி அரைபட்ட பிறகு என்ன ஆகிறது என்பது நான் புரட்டிய பக்கங்களில் இல்லை.

நூலகத்தில் நல்ல குளிர். காலையில் ஓர் இடத்தில் உட்கார்ந்தால் என் உடம்பு பழைய டீ பிரேக் நேரத்துக்குத் தானாக எழுந்து நிற்கும். நின்ற பிறகுதான் இங்கே மணி அடிக்கவில்லையே என்று உறைக்கும். படிக்கிற மேசையின் விளிம்பில் கறுப்பு பிளாஸ்டிக் பீடிங் ஒட்டியிருந்தது. படித்துக்கொண்டிருக்கும்போதே என் கட்டைவிரல் அதை அழுத்திக்கொண்டு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகும். எதிரே உட்கார்ந்த பெண் ஒருத்தி ஒருமுறை இடம் மாறி உட்கார்ந்தாள். அதுவும் எனக்குப் பெரிதாகப் படவில்லை.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, குறிப்புதவிப் பிரிவில் இருந்த நூலகர் அம்மா என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்.

"நானும் ரொம்ப நேரமா பாக்கேன். வந்த நாள்ல இருந்து கிரிக்கெட் புக்கையே பாக்குதிய. டீம்ல சேரப் போறியளா தம்பி?"

"இல்ல மேடம். மாவு தேடறேன்."

"என்ன மாவு? கோலமாவா?"

"இட்லி மாவு மேடம்."

"சமையல் புக்கெல்லாம் மேல் மாடி. ஆனா இட்லிக்கு என்னத்துக்கு புக்கு? ஒங்க அம்மாட்ட கேட்டா சொல்லுவாகளே."

"செய்யற மொற இல்ல மேடம். யாரு வாங்கறாங்க, இனிமே வாங்குவாங்களா, சின்னதா விக்கறவங்க நிக்க முடியுமா... அது தெரியணும்."

அவர் பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "அப்ப அதுக்குப் பேரு மாவு இல்ல தம்பி. வீட்டுலதான் மாவு. மார்க்கெட் அறிக்கை எழுதுதவன் அதுக்கு வேற பேரு வச்சிருப்பான். அந்தப் பேரு தெரியாம என்னத்த போட்டாலும் வராது." விசைப்பலகையைத் தன் பக்கம் திருப்பி, வேறொரு பக்கத்தைத் திறந்து 'ரெடி டு குக்' என்று தட்டினார். அது நூலகத்தின் புத்தகப் பட்டியல் இல்லை. சந்தை அறிக்கைகளை மட்டும் சேர்த்து வைத்திருக்கும் வேறொரு தளம். பல்கலைக்கழகம் சந்தா கட்டியிருந்தது. வளாகத்துக்குள்தான் திறக்கும். ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே போகலாம்.

"இதுல பேரு மட்டுந்தான் தெரியும். அறிக்கையத் தொறக்கணும்னா அந்த மூலையில இருக்கிற கணினியிலதான் முடியும். முன்னாடி ஒருத்தர் இருந்தா காத்துக் கெடக்கணும். இங்கன உக்காந்துதான் படிக்கணும், வெளிய எடுத்துட்டுப் போக முடியாது. குறிப்பு எழுதிக்கோங்க. சரியா?" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். வேறொரு மாணவன் அவரிடம் ஸ்டேப்ளர் கேட்டு நின்றுகொண்டிருந்தான்.

அந்தக் கணினிக்கு முன்னால் நிதித் துறை மாணவன் ஒருவன் எப்போதும் உட்கார்ந்திருந்தான். அவன் எழுந்து போகும்வரை நான் காத்திருப்பேன். அவன் சாப்பிடப் போகிற நேரம்தான் எனக்குக் கிடைத்தது. அந்த நேரத்தில் அறிக்கைகளின் தலைப்புகளை முதலில் படித்தேன். உறைந்த உணவு, உலர்ந்த கலவை, புதிய ஈர மாவு. புதிய ஈர மாவு! அம்மா அரைப்பதற்கு இப்படி ஒரு பெயர் இருக்கிறது என்று அவளிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். சாயங்காலம் மறந்துவிட்டேன்.

மாதக் கடைசி நெருங்கிவிட்டது. ஒருநாள் காலை, பின்தெருவில் ஒரு ரூமுக்குக் கொடுக்க வேண்டிய இரண்டு பாக்கெட் மாவை எடுத்துக்கொண்டு போனேன். கதவு பூட்டியிருந்தது. ஷிப்ட் முடிந்தும் ஓ.டி. என்று நிறுத்திவைத்துவிட்டார்கள் போலும், அந்தப் பெண்கள் வரவில்லை. வீட்டுக்குத் திரும்பினால் பஸ் போய்விடும். இரண்டு பாக்கெட்டையும் பையிலேயே போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். ஒரகடத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ. நல்ல வெயில் காலம். ஆட்டோவில் எட்டுப் பேருக்கு நடுவே பை என் மடியில் சூடாக இருந்தது.

நூலக வாசலில் பைகளை வைக்க ஓர் அலமாரி உண்டு. காவலுக்கு இருந்த அண்ணன் டோக்கன் கொடுப்பார். அது கட்டடத்துக்கு வெளியே, தகரக் கூரையின் கீழ் இருந்தது. குளிரெல்லாம் உள்ளேதான். வழக்கம்போல் பையைக் கொடுத்துவிட்டு உள்ளே போனேன்.

அன்று நிதித் துறை மாணவன் வரவில்லை. காலையிலிருந்தே கணினி எனக்குக் கிடைத்தது. புதிய ஈர மாவு பற்றிய அறிக்கையைத் திறந்தேன். முதலிலேயே, எதையெல்லாம் கணக்கில் எடுத்தோம், எதை எடுக்கவில்லை என்று ஒரு பக்கம் இருந்தது. அதை அகராதி வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தேன். வீடுகளில் அரைத்து, பெயர் அச்சிடாமல், அக்கம்பக்கத்தில் விற்கப்படும் மாவு இந்த அறிக்கையில் சேர்க்கப்படவில்லை என்று இருந்தது. அதை நோட்டில் எழுதிக்கொண்டேன்.

சில பக்கங்கள் தள்ளி, இந்தச் சந்தை எப்படி வளரும் என்று ஒரு பகுதி. அதன் சாரம் இதுதான்: புதிதாக இட்லி சாப்பிட ஆரம்பிப்பவர்களால் இல்லை, இப்போது அக்கம்பக்கத்தில் வாங்குகிறவர்கள் பாக்கெட்டுக்கு மாறுவார்கள், அதுதான் வளர்ச்சி.

நான் அதை இரண்டு முறை படித்தேன். நாங்கள் கணக்கில் இல்லை. ஆனால் எங்களிடமிருந்து போகிறவர்கள், போன நொடியிலிருந்து கணக்கில் வந்துவிடுகிறார்கள். ஏதாவது தோன்றுகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏசியின் சத்தம்தான் கேட்டது. கட்டைவிரல் மேசை விளிம்பில் போய்க்கொண்டிருந்தது.

நூலகர் அம்மா வேகமாக வந்தார். சேலைத் தலைப்பால் வாயை மூடியிருந்தார். சிரிப்பை அடக்குகிறார் என்று பிறகுதான் தெரிந்தது.

"தம்பி, நீங்க தேடுன மாவு ஒங்கள தேடி வந்துட்டு. வெளிய போய்ப் பாருங்க."

வெளியே ஒரு கூட்டம் நின்றது. தகரக் கூரைச் சூட்டில் மாவு பொங்கி, பாக்கெட் வெடித்து, என் பையின் ஜிப் வழியாக நுரைத்துக்கொண்டு இறங்கியிருந்தது. என்னுடையது மேல்தட்டு. கீழே இருந்த மூன்று தட்டுகளிலும் வெள்ளையாக வழிந்திருந்தது.

"எவன்பா இந்த டோக்கன்? நீதானா?" காவல் அண்ணன் இடுப்பில் கை வைத்து நின்றார். "லேப்டாப் வெச்சிக்கீறாங்க, ஹெல்மெட் வெச்சிக்கீறாங்க. டோக்கன் போட்டு மாவு வெச்ச மொத ஆளு நீதான்பா. இன்னா இது, லைப்ரரியா, மாவு மில்லா?"

"அண்ணா, கல்லு மட்டும் போட்டா போதும், ஆளுக்கு ஒண்ணு ஊத்திடலாம்" என்றான் ஒருவன்.

"நல்லா பொங்கிக்குதுடா. எங்க ஹாஸ்டல் மாவு ஒருநாளாவது இப்டி பொங்கியிருக்கா?" என்றான் இன்னொருவன்.

ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. "என் ரெக்கார்டு நோட்டு இதுலதான் இருக்கு" என்று தன் பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். நல்லவேளை, உள்ளே இறங்கவில்லை. நான் கைக்குட்டையை நனைத்து அவள் பையைத் துடைத்தேன். பிறகு அலமாரியைத் துடைத்தேன். காவல் அண்ணன் திட்டிக்கொண்டே ஒரு பக்கெட்டும் துணியும் கொண்டுவந்து கொடுத்தார். வழிந்த மாவை உள்ளங்கையால் கூட்டி அள்ளினேன். புளிப்பும் உளுந்தும் சேர்ந்த வாசனை, விடிகாலையில் எங்கள் முன் அறையில் இருக்கிற அதே வாசனை. எல்லோரும் போன பிறகும் தட்டின் மூலைகளில் காய்ந்ததைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். அவமானமாக இருந்திருக்க வேண்டும்.

"போதும் போ பா" என்றார் காவல் அண்ணன். குரல் இறங்கியிருந்தது. "வூட்ல அரைக்கிறாங்களா?"

"ஆமாண்ணா. அம்மா."

"கைதான் போய்டும் அந்த வேலைல. எங்கக்கா அரைச்சிகினு இருந்தா." அவ்வளவுதான் சொன்னார். பக்கெட்டை எடுத்துக்கொண்டு போனார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அம்மா முறத்தில் உளுந்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அப்பா டியூட்டிக்குக் கிளம்ப யூனிஃபார்ம் போட்டுக்கொண்டிருந்தார். பையைப் பார்த்ததும் அம்மா, "இன்னாடா பையி இம்மாம் வெள்ளயா கீது?" என்றாள். நடந்ததைச் சொன்னேன். இருவரும் சிரித்தார்கள்.

"உங்கம்மா மாவு காலேஜுக்கே போய் வந்துடுச்சி. நாந்தான் இன்னும் போகல" என்றார் அப்பா.

"அது கெடக்கட்டும். இன்னா சொல்லுது உன் லைப்ரரி? மாசம் முடியப் போவுது" என்றாள் அம்மா.

"வளரும்னு போட்டுகீதுமா."

"எது?"

"பாக்கெட் மாவு."

"நம்முளுது?"

"நம்மள அதுல சேக்கல. வூட்ல அரைச்சி விக்கறத கணக்குல எடுக்கலன்னு போட்டுட்டாங்க."

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "ஏன்? நான் இன்னா சுண்ணாம்பா கரைச்சி விக்கறேன்?"

"பாத்தியா" என்றார் அப்பா. "கணக்குலயே இல்லன்னா நம்மள எவனும் ஒண்ணும் பண்ண முடியாது. நீ பாட்டுக்கு அரைச்சிகினே இரு." பெல்ட்டை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தார்.

அவர் தெருமுனை திரும்பும்வரை அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் கேட்டாள். "நிறுத்துன்னு எங்கயாவது போட்டுக்குதாடா?"

"அப்டிலாம் போட மாட்டாங்கமா."

"அரைச்சிகினே இருன்னு?"

"அதுவும் இல்ல."

"பின்ன இன்னாத்துக்குடா இத்தினி நாளா அங்க போய் ஒக்காந்துகினு வர்ற?"

நான் நோட்டைப் பிரித்து, எழுதி வைத்ததை அவளுக்குப் படித்துக் காட்டப் போனேன். அவள் கேட்கவில்லை. வலது கையை விரித்து விரித்து மூடிக்கொண்டிருந்தாள்.

"ஒழுங்கா பாருடா. எதனா ஒரு மூலையில நிறுத்துன்னு ஒரு வார்த்த இருக்கும். இவ்ளோ பெரிய லைப்ரரில இல்லாமயா பூடும்?"

"நீ நிறுத்தணும்னா கேக்கற?"

"கை மரத்துப் பூடுதுடா." உள்ளங்கையை என் பக்கம் நீட்டினாள். "இந்த மூணு வெரலு. உளுந்து தள்ளி வுடறப்ப, கிரைண்டர் கல்லு எது மாவு எதுன்னு தெர்ல. அன்னிக்கு ஒருநாளு கல்லு வெரல உரசிகினே போச்சு. எனக்குத் தெர்லயே. ரத்தம் மாவுல கலந்த அப்புறந்தான் பாத்தேன். அந்த மாவ அப்டியே கொட்டிட்டேன்."

"ஏம்மா சொல்லல?"

"சொல்லி? உங்கப்பா இன்னா பேசறாருன்னு பாத்தியில்ல? தெருவுல நாலு பேரு இன்னா சொல்லுவாங்க? ஒடம்பு வணங்கலன்னுவாங்க. நானா நிறுத்துனா பேச்சு. புக்குல போட்டுக்குது, படிச்சவங்க சொல்லிட்டாங்கன்னா எவனும் வாயத் தொறக்க மாட்டான்."

இத்தனை நாளும் அம்மா தொடர்ந்து அரைப்பதற்கு ஒரு காரணத்தைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன். அப்படித்தான் தேடுகிறேன் என்பதே எனக்குத் தெரியாது. சின்னதாக விற்பவர்கள் நிற்க முடியுமா என்று நூலகர் அம்மாவிடம் கேட்டேனே, அந்தக் கேள்வியே அப்பாவுடையது. அம்மாவின் கேள்விக்கு நான் ஒரு சொல்கூடத் தட்டிப் பார்க்கவில்லை.

அவள் விரல்களைப் பிடித்துப் பார்த்தேன். என் கட்டைவிரலால் அவள் நடுவிரல் நுனியை அழுத்தினேன். "தெர்தா?" என்று கேட்டேன். "நீ தொட்டுகினு கீறன்னு கண்ணால பாக்கறதால தெர்து" என்றாள். என் கட்டைவிரலிலும் நுனியில் உணர்ச்சி குறைவுதான். யார் யாரைத் தொடுகிறோம் என்று சரியாகத் தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தோம்.

"அதுல இல்லம்மா" என்றேன். "தேடிப் பாத்துட்டேன், இல்ல. நான் சொல்றேன். நிறுத்திடு."

"புக்கு சொல்லுதா, நீ சொல்றியா?"

"நாந்தான்."

அறிக்கையில் இருப்பதாக நான் சொல்லியிருந்தால் அவளுக்கு இன்னும் வசதியாக இருந்திருக்கும். அது எனக்கும் தெரியும். "செரி" என்றாள். முறத்தை எடுத்து மிச்ச உளுந்தையும் பொறுக்கி முடித்தாள். நிறுத்துவது என்று ஆன பிறகு ஏன் பொறுக்குகிறாள் என்று கேட்கவில்லை. சாப்பாட்டுக்கு ஆகும்.

மறுநாள் காலை கிரைண்டர் ஓடவில்லை. அந்தச் சத்தம் இல்லாததால்தான் விழித்தேன். அப்பா டியூட்டி முடிந்து வந்து சைக்கிளை நிறுத்தும்போதே, "இன்னா, கரண்ட் இல்லயா?" என்றார்.

"கரண்ட் கீது. பையன் நிறுத்தச் சொல்ட்டான்" என்றாள் அம்மா.

"புக்குல போட்டுகீதா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னாள்: "புக்குல இல்ல. பையனே சொல்ட்டான்."

அப்பா தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். என்னிடம் சில நாள் சரியாகப் பேசவில்லை. ஆனால் பிரதிநிதி வந்து ஃப்ரிட்ஜுக்கு இடம் காட்டச் சொன்ன அன்று, அவர்தான் கிரைண்டரை இழுத்துக்கொண்டு போய்ப் பின்கட்டில் வைத்து, சாக்குப் போட்டு மூடினார். நான் பிடிக்கப் போனேன். "நீ வுடு" என்றார்.

ப்ராஜெக்டின் செகண்டரிப் பகுதியை எழுதிக் கொடுத்தேன். எந்த மாவு கணக்கில் சேரவில்லை என்பதையும் ஒரு பத்தியாக எழுதினேன். பேராசிரியர் அந்தப் பத்திக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சரி போட்டு, கையெழுத்தும் போட்டார். இனி பிரைமரி. கேள்வித்தாளை அச்சடித்து, அட்டையில் கிளிப் போட்டு எடுத்துக்கொண்டு வீட்டு ஜன்னல் ஓரத்திலேயே உட்கார்ந்தேன். மாவு வாங்க வருகிறவர்களிடமே கேட்டுவிடலாம் என்று.

முதலில் வந்தது பின்தெரு ரூம் பெண். அன்று ஓ.டி.யில் மாட்டிக்கொண்டவர்களில் ஒருத்தி. கம்பெனி அட்டை இன்னும் கழுத்தில் இருந்தது.

"அக்கா, மாவு."

அம்மா கண்ணாடிக் கதவைத் திறந்து ஒரு பாக்கெட்டை எடுத்துக் கொடுத்தாள்.

"இன்னாக்கா இது, சில்லுனு கீது? உங்க மாவு இல்லயா?"

"இல்லமா. நிறுத்திட்டேன்."

"ஏங்க்கா?"

அம்மா என்னைக் காட்டினாள். "எம்பையன் நிறுத்தச் சொன்னான். மார்க்கெட்டிங் படிக்கிறான்."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். என்னிடம் கேள்வித்தாள் இருந்ததால் முதல் கேள்வியைக் கேட்டேன். தற்போது நீங்கள் வாங்குவது எந்த மாவு? அவள் கையிலிருந்த பாக்கெட்டைத் தூக்கிக் காட்டினாள். "இதான், வேற இன்னா கீது?" நான் 'பாக்கெட் மாவு' என்ற முதல் கட்டத்தில் டிக் அடித்தேன். மற்ற கேள்விகளுக்கும் நின்று பதில் சொல்லிவிட்டுப் போனாள்.

அம்மா இன்னொரு பாக்கெட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அடுக்கத்தான் எடுத்தாள் என்று நினைத்தேன். அடுக்கவில்லை. மூன்று விரல்களையும் அதன்மேல் ஒவ்வொன்றாக வைத்து வைத்து எடுத்தாள்.

"சில்லுனு தெர்தாமா?" என்றேன்.

"இந்த வெரலுக்கு மட்டும்" என்றாள்.